சிறுவர் பல் ட்ரெய்னர்: 7 வயதில் வாங்க வேண்டிய பொருள்தானா?

நீல நிறம். குதிரை லாடம் மாதிரி வளைவு. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் தனித்தனிப் பள்ளம். முன்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனி போய்த் தொட ஒரு சின்ன மேடு, கீழுதட்டுப் பக்கம் வரிசையாக முட்டுகள். குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் கவ்வும் ரப்பரின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வகையில் பெயர் பெற்றது டி4கே என்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பு. அதே தோற்றத்தில் பெயர் தெரியாத நகல்கள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ‘கிளிப் போடாமலே பல் நேராகும், 6 முதல் 10 வயது வரை’ என்பதுதான் விற்பனை வாசகம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பல் மருத்துவர் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இது பொருந்தும் என்று கொடுத்தால் ஓரளவு பயன் உண்டு. படம் பார்த்து நாமே வாங்கினால், பெரும்பாலும் ஒரு வருடம் வீண்.

பயன்படுத்தும் முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். பகலில் விழித்திருக்கும்போது 1 மணி நேரம், பிறகு இரவு முழுக்க. முதல் 6 முதல் 8 மாதம் மிருதுவான நீலம். அதன் பிறகே கெட்டியான இளஞ்சிவப்பு, அதுவும் 6 மாதத்துக்குக் குறையாமல். பெண் குழந்தை என்று இளஞ்சிவப்பை முதலில் வாங்கிவிடாதீர்கள். நிறம் அழகுக்காக இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் காலையில் அது தலையணைக்கு அடியில்தான் கிடக்கும். அது சகஜம். பகல் ஒரு மணி நேரத்தைத் தவறாமல் செய்த பிள்ளைகளுக்குத்தான் இரவிலும் வாயில் தங்க ஆரம்பிக்கும். பகல் பயிற்சியை விட்டுவிட்டு இரவில் மட்டும் போடுவதுதான் இது தோற்பதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மூக்கு. வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட வைப்பதே இந்தப் பொருளின் வேலை. மூக்கே அடைத்திருந்தால் பிள்ளை என்ன செய்யும்? தூக்கத்தில் துப்பிவிடும். வாங்குவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். சளி இல்லாத நாளில், ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல், உதட்டை மூடி 2 நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி, சிரிப்பு மூட்டாமல். முடியவில்லை என்றால் முதலில் போகவேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அடினாய்ட் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கமோ அலர்ஜியோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த ரப்பரும் உதவாது.

சரி, மூக்கு நன்றாக இருக்கிறது, பிள்ளையும் ஒழுங்காகப் போடுகிறது. என்ன கிடைக்கும்? தூக்கலான மேல் முன்பற்கள் கொஞ்சம் உள்ளே சாயும், கீழ் முன்பற்கள் கொஞ்சம் வெளியே சாயும். கிடைப்பதில் பெரும்பகுதி பல்லின் சாய்வு. தாடை எலும்பில் வரும் மாற்றம் குறைவு. விரல் சூப்புதல், நாக்கை முன்னால் தள்ளி விழுங்குதல் போன்ற பழக்கங்களுக்கு நினைவூட்டியாக உதவும். இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும் பற்களுக்கு இது இடம் உண்டாக்கித் தராது. கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருந்தாலும், கடைவாய்ப் பற்கள் குறுக்காகக் கடித்தாலும் இதை வாங்கவே கூடாது.

பராமரிப்பு: பச்சைத் தண்ணீர், மெல்லிய பிரஷ். கொதிநீரில் போட வேண்டாம். கடைவாய்ப் பக்கம் மென்று ஓட்டை விழுந்தால் மாற்றிவிட வேண்டும். பிய்ந்த துண்டு தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடக் கூடாது.

இனி அந்த 7 வயது. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் (பல் சீரமைப்பு நிபுணர்கள்) சங்கம் சொல்வது, 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்பது. அந்த வயதில்தான் பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வந்திருக்கும், முன்பற்கள் மாறத் தொடங்கியிருக்கும்; கடி எப்படி அமையப்போகிறது என்று கணிக்க முடியும். ‘காட்டுங்கள்’ என்பது விளம்பரத்துக்கு வரும்போது ‘ஆரம்பியுங்கள்’ ஆகிவிட்டது. 7 வயதில் காட்டப்படும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியான சிகிச்சை, ‘ஆறு மாதம் கழித்து வாங்க’ என்பதே.

எட்டு வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்து, இரண்டு பல்லும் விசிறி மாதிரி விரிந்து நிற்பதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் வரும் கோலம் அது. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் 2 மில்லிமீட்டர் வரையான சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். எட்டு வயதில் ட்ரெய்னர் வாங்கி, பன்னிரண்டில் சந்து மூடினால் பெயர் ரப்பருக்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ‘முன், பின்’ படங்களைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

அப்படியானால் உண்மையிலேயே காத்திருக்கக் கூடாதது எது? முதலில், குறுக்குக் கடி. பிள்ளை வாயை மூடும்போது மோவாய் ஒரு பக்கமாக நழுவுகிறதா, மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாக விழுகின்றனவா என்று பாருங்கள். இதற்குத் தேவை அண்ணத்தை விரிக்கும் திருகுச் சட்டம். கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, அண்ணத்தின் நடுவே திருகு வரும்படி ஒட்டிவிடுவார்கள். சாவியால் ஒரு கால் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர் விரியும். நாளுக்கு ஒன்றோ இரண்டோ கால் சுற்று. 5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 20 கால் சுற்று. கொஞ்ச நாளில் முன்பற்களுக்கு நடுவே திடீரென்று சந்து தெரியும். பதற வேண்டாம், அண்ணத்தின் நடுப் பொருத்து திறந்ததற்கு அதுவே சாட்சி, பிறகு தானே மூடும். விரித்து முடித்த கையோடு கழற்றவும் கூடாது. எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் அப்படியே இருக்க வேண்டும்.

தவறு நடப்பது சாவியில். அடுத்த துளை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும் வரை தள்ளவேண்டும். பாதியில் நிறுத்திச் சாவியை உருவினால் திருகு பின்னால் வந்துவிடும், மறுநாள் சாவி நுழையவே நுழையாது. சாவியில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொண்டு திருகுங்கள். கைதவறினால் தொண்டைக்குள் போகாது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முறுக்கு எல்லாம் சட்டம் கழலும் வரை தள்ளிவைக்க வேண்டியவை. பேச்சு சில நாள் குழறும், எச்சில் ஊறும். பருவமடைவதற்கு முன் இது சுலபமான வேலை. பருவம் கடந்து பொருத்து இறுகிவிட்டால் எலும்பில் திருகு பதிப்பது, சில நேரம் அறுவை சிகிச்சை என்று போய்விடும்.

மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டியிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எதிரே உள்ள கீழ்ப்பல்லின் ஈறு இறங்கிவிடும். மேல்தாடை வளராமல் கீழ்த்தாடை முந்தி நிற்பதற்கு, மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்தில் மாட்டும் முகக்கவச இழுப்பான் 10 வயதுக்கு முன் போட்டால்தான் நல்ல பலன்.

எத்துப்பல் விஷயம் நேர் எதிர். கீழ்த்தாடை பின்தங்கியதால் மேல்பல் தூக்கித் தெரிகிறது என்றால், கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கருவிக்கு உயரம் மளமளவென்று கூடும் காலமே தோது. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 10 முதல் 12, ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 முதல் 14. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு இதை அலசியிருக்கிறது: சீக்கிரம் தொடங்கினால் முன்பல் அடிபட்டு உடைவது குறைகிறது, மற்றபடி, பதின்வயதில் ஒரே கட்டமாகச் செய்வதைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. உதடு மூடாத அளவுக்குப் பல் துருத்தியிருக்கிறது, பிள்ளை அடிக்கடி விழுகிறது, பள்ளியில் கேலி தாங்கவில்லை என்றால் முன்னதாகத் தொடங்கலாம். இல்லையென்றால் பொறுக்கலாம்.

விளம்பரமே இல்லாத இரண்டு வேலைகளையும் சொல்லவேண்டும். சொத்தையால் பால் கடைவாய்ப் பல்லை முன்னதாகப் பிடுங்கினால், அந்த இடத்தில் பின்பல் சாய்ந்து வராமலிருக்க வளையத்தோடு கூடிய சின்னக் கம்பித் தடுப்பு ஒன்று மாட்டுவார்கள். அது பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும். இன்னொன்று, 10 வயதில் மேல் கோரைப்பல் இருக்கவேண்டிய இடத்தில் ஈறைத் தடவிப் பார்ப்பது. மேடு தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே. வழி மாறிப் போகும் கோரைப்பல்லுக்கு, பால் கோரைப்பல்லை நேரத்தில் எடுத்துவிட்டாலே பல நேரம் பாதை திரும்பிவிடும். விட்டுவிட்டால் பின்னால் ஈறைத் திறந்து, சங்கிலி கட்டி இழுக்க வேண்டும்.

யாரிடம் காட்டுவது? ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலைப் பட்டம்) முடித்தவரிடம். தமிழ்நாட்டில் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், தனியார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உண்டு. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்களே செய்வார்கள்; வேலை சுத்தமாக இருக்கும், காத்திருப்பு நீளம். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மாணவர் எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பு முடியும் மூன்றாம் ஆண்டு என்றால் சிகிச்சை பாதியில் இன்னொருவர் கைக்கு மாறும்.

தனியார் கிளினிக்கில் ‘முதல் கட்டம்’ என்று தொகை சொன்னால், இரண்டாம் கட்டத்தில் கிளிப் போட வேண்டி வருமா, வந்தால் அதற்கு எவ்வளவு, பல் பழையபடி நகராமலிருக்கக் கடைசியில் போடும் ரிட்டெய்னர் அதில் சேர்ந்ததா என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.