மேலூர்ப் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வடிகட்டிகள்: ஸ்க்விட்கார்டும் இ2கார்டியனும்

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றின் கணினி ஆய்வகத்தை நான் பராமரித்து வருகிறேன். அங்குள்ள இருபத்திரண்டு கணினிகளும் ஸ்க்விட் என்ற மென்பொருள் ஓடும் ஒரே ப்ராக்ஸி சர்வர் (கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைநிலைக் கணினி) வழியாகத்தான் இணையத்துக்குச் செல்கின்றன. அதற்கு ஏற்ற, மாணவர்களுக்குத் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளைத் தேர்ந்தெடுக்க, ஒரு பருவம் ஸ்க்விட்கார்டையும் மறுபருவம் இ2கார்டியனையும் வைத்துப் பார்த்தேன்.

ஸ்க்விட்கார்டை நிறுவுவது எளிது. பழைய கணினியிலும் வேகம் குறையாது. பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் தடைப்பட்டியலை ஏற்றிவிட்டால் அன்றே வேலை தொடங்கிவிடும். ஆனால் அது முகவரியை மட்டுமே பார்க்கிறது; பட்டியலில் இன்னும் ஏறாத தமிழ்த் தளங்கள் தடையின்றித் திறந்தன.

டேன்ஸ்கார்டியன் என்ற பழைய வடிகட்டியிலிருந்து கிளைத்த இ2கார்டியனோ பக்கத்தையே வாசித்து, சொற்களுக்கு நாம் தந்த மதிப்பெண்களைக் கூட்டி, எல்லையைத் தாண்டினால் தடுக்கிறது. சிறுவர்களுக்கு 50, வளர்ந்த பிள்ளைகளுக்கு 100, இளைஞர்களுக்கு 160 என்பது அதன் அமைப்புக் கோப்பு தரும் வழிகாட்டல். நான் 100 வைத்தேன்.

தமிழ்ச் சொற்பட்டியலை நாமேதான் எழுத வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது. தமிழில் சொல் வேற்றுமை ஏற்று உருமாறுவதால் முழுச்சொல்லை எழுதினால் பாதி தப்பிவிடும், அடிச்சொல்லை மட்டும் எழுதினால் தொடர்பில்லாத சொற்களும் சிக்கும். 'காம' என்பதற்கு, வரும் ஒவ்வொரு முறையும் 40 என்று எழுதிவைத்தேன். மறுநாள் மேற்படிப்புக்காக மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தேடிய மாணவி தடைப்பக்கத்தைக் கண்டு, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அஞ்சி என்னிடம் வந்து நின்றாள். அந்த முகம் இன்னும் மனத்தை உறுத்துகிறது. 'காமராச', 'காமராஜ', 'காமத்துப்பால்' ஆகியவற்றுக்குக் கழித்தல் 40 சேர்த்த பிறகே கணக்கு நேரானது. தடைப்பக்கத்திலேயே காரணம் தெரிந்ததால் பிழையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. இந்த வசதிக்காகவே இ2கார்டியனைப் பரிந்துரைப்பேன்.

இதில் ஒரு சுமையும் உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கம் செய்த இணைப்பின் வழியே வருவதால், பக்கத்தின் உள்ளடக்கத்தை வாசிக்க வேண்டுமானால் சர்வர் அதை இடையில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நமது சர்வரைக் கணினிகள் நம்பச் செய்யும் டிஜிட்டல் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் பதிக்க வேண்டும். இதைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்து, வங்கித் தளங்களைப் பிரித்துப் பார்க்காத விலக்குப் பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். இதற்கு இசையாத பள்ளிகளுக்கு ஸ்க்விட்கார்டே போதும்.