ஃபேன்டசி பிரீமியர் லீக்: பெஞ்சில் யாரை உட்கார வைப்பது?

இங்கிலாந்தின் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் நடத்தும் அதிகாரப்பூர்வ ஃபேன்டசி ஆட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. நிஜ வீரர்களை வைத்து ஒரு அணி சேர்க்கிறீர்கள், அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப உங்களுக்குப் புள்ளி. இமெயில் ஐடி ஒன்று இருந்தால் போதும். சீசனுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். ஆளை வாங்க, விற்க, விலை ஏறுவதைப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஆப்பில் பக்கமும் புள்ளிவிவரமும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் 38 வாரமும் செய்தே ஆக வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. வாங்கி வைத்த 15 பேரில் எந்த 11 பேரை இறக்குவது, எந்த நால்வரைப் பெஞ்சில் வைப்பது? அதற்கு இந்த ஆப் தரும் உதவி சொற்பம். இந்த விமர்சனம் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

அடிப்படை எளிது. 100 மில்லியன் பவுண்டில் 2 கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. இறங்கும் 11இல் குறைந்தது 3 டிஃபெண்டரும் 1 ஃபார்வர்டும் இருக்க வேண்டும்.

கிரிக்கெட் ஃபேன்டசி ஆடிப் பழகியவர்கள் தடுக்கி விழுவது டெட்லைனில். அங்கே டாஸ் முடிந்து பிளேயிங் லெவன் தெரிந்த பிறகும் ஆளை மாற்றலாம். இங்கே வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த ஆட்டத்தின் அணிப் பட்டியலே 75 நிமிடத்துக்கு முன்புதான் வெளியாகும். ஞாயிறும் திங்களும் ஆடுகிற அணிகளுக்கும் அதே டெட்லைன்தான். சனிக்கிழமை லண்டனில் பகல் 12.30 ஆட்டத்தோடு வாரம் தொடங்கினால் இந்தியாவிலும் இலங்கையிலும் பிற்பகல் 3.30க்குப் பூட்டு, அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளிய பிறகு 4.30. வெள்ளி இரவு 8 மணிக்கு ஒரு ஆட்டம் வைத்துவிட்டால் நமக்கு இரவு 11 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. சனி காலை சாவகாசமாகத் திறந்து பார்ப்பவர்களுக்குப் பூட்டிய அணிதான் கிடைக்கும். அணியை அடுக்கிய பிறகு சேவ் பொத்தானை அழுத்தாமல் வெளியேறினால் பழைய வரிசைதான் நிற்கும். இதுவும் அடிக்கடி நடப்பதுதான்.

பட்டியல் தெரியாமல் தேர்வு செய்ய வேண்டியிருப்பதால் இங்கே முதல் கேள்வி "இவர் கோல் அடிப்பாரா" என்பது இல்லை. "எத்தனை நிமிடம் ஆடுவார்" என்பதுதான். 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் கீழே 1. டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் கிளீன் ஷீட்டுக்கான (அணி கோல் வாங்காமல் இருப்பதற்கான) 4 புள்ளி வேண்டுமென்றாலும் 60 நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும். 58ஆவது நிமிடத்தில் வெளியே கூப்பிடப்பட்ட டிஃபெண்டரின் அணி கடைசிவரை கோல் வாங்காவிட்டாலும் அவருக்கு 1தான்.

இதைவிடப் பொல்லாதது மாற்று ஆள் விதி. உங்கள் 11இல் ஒருவர் அந்த வாரம் களமிறங்கவே இல்லையென்றால்தான் பெஞ்சிலிருந்து ஆள் தானாக உள்ளே வருவார். 89ஆவது நிமிடத்தில் இறங்கி ஒரு பாஸ் போட்டாலும் அவர் ஆடியவர்தான். 1 புள்ளியோடு பெஞ்சையும் அடைத்துக்கொண்டு நிற்பார். மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்து மஞ்சள் அட்டை வாங்கினாலும் அதே கணக்கு. நீங்கள் கேப்டனாக்கும் ஆளின் புள்ளி இரட்டிக்கும், அவர் ஆடாவிட்டால் வைஸ் கேப்டனுடையது. அங்கேயும் இது பொருந்தும். கேப்டன் ஒரு நிமிடம் ஆடினால் 1ஐ இரட்டித்து 2 தருவார்கள். வைஸ் கேப்டன் எத்தனை கோல் அடித்தாலும் அது இரட்டிக்காது.

எண் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். உங்கள் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெரிய அணியை எதிர்த்து ஆடும் மலிவான சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்). 90 நிமிடமும் ஆடுவார், 2. கிளீன் ஷீட்டுக்கு 20 சதவீத வாய்ப்பு என்றால் 0.8. தடுப்பு வேலைக்குத் தரும் 2 புள்ளிக்கு (விவரம் கீழே) 40 சதவீதம் என்றால் 0.8. இரண்டு கோல் வாங்கினால் ஒரு புள்ளி போகும், அதற்கு அரை கழித்துக்கொள்ளலாம். மொத்தம் 3.1. இன்னொருவர் சொந்த மைதானத்தில் ஆடும் ஃபார்வர்டு. தொடக்கத்திலேயே இறங்கினால் 2, ஒரு கோலுக்கு 4 புள்ளி, அதற்கு 35 சதவீத வாய்ப்பு என்றால் 1.4, அசிஸ்ட்டுக்கு (கோலுக்கு வழிசெய்யும் பாஸுக்கு) 0.3, ஆக 3.7. கண்ணை மூடிக்கொண்டு ஃபார்வர்டு என்று தோன்றும். ஆனால் கடைசி 10 நிமிடம் மட்டும் ஆட 30 சதவீத வாய்ப்பு இருந்தால் அவர் மதிப்பு 2.9 ஆகிவிடும், சென்டர் பேக்குக்குக் கீழே. அதே 30 சதவீதம் "ஆடவே மாட்டார்" என்ற வகையாக இருந்தால் கணக்கு தலைகீழ். அவர் வராதபோது பெஞ்சில் முதலில் இருக்கும் சென்டர் பேக்கின் 3.1 வந்து சேர்வதால் மொத்தம் 3.5. அப்போது ஃபார்வர்டை இறக்குவதே சரி.

ஆப்பில் காட்டும் காயக் கொடியை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். 75, 50, 25 என்று சதவீதம் போட்டுக் கொடி வரும். சிவப்பு வந்தால் ஆள் இல்லை. கீப்பருக்கோ சென்டர் பேக்குக்கோ 50 என்றால் பெரும்பாலும் முழுசாக ஆடுவார், இல்லை வரவே மாட்டார். உருப்படியான பெஞ்சு இருந்தால் துணிந்து இறக்கலாம். தசைப்பிடிப்பிலிருந்து திரும்பும் விங்கருக்கு (ஓரத்தில் ஓடித் தாக்குபவருக்கு) அதே 50 என்றால் 20 நிமிடத் தரிசனம்தான் கிடைக்கும். அவரை உட்கார வைத்துவிடுங்கள்.

கொடி சொல்லாத இன்னொன்று சுழற்சி. உடம்பு கல்லு மாதிரி இருக்கும், கோச் ஓய்வு கொடுத்துவிடுவார். மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலா ஆளை மாற்றி மாற்றி இறக்கியதில் "பெப் ரூலெட்" என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. வார நடுவில் ஐரோப்பியக் கோப்பை ஆடும் எந்தப் பெரிய அணிக்கும் இந்த ஆபத்து உண்டு. கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒருவர் எத்தனை முறை தொடக்கத்தில் இருந்தார், எந்த நிமிடத்தில் வெளியே வந்தார் என்று அவர் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தில் பார்க்கலாம். அடுத்த எதிரணிக்குப் போட்டிருக்கும் 1 முதல் 5 வரையிலான கடினத்தன்மை எண்ணைவிட அந்தப் பக்கம் பயன்படும். அந்த எண்ணின் குறை வெளிப்படை. கோல் வாரி வழங்கினாலும் தானும் அடித்துத் தள்ளுகிற அணிக்கும், அடிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் இழுக்கிற அணிக்கும் ஒரே எண் வரலாம். உங்கள் ஃபார்வர்டுக்கு முதலாவது விருந்து, உங்கள் டிஃபெண்டருக்கு விஷம்.

2025-26இல் வந்த தடுப்புப் புள்ளி விதி பெஞ்சுக் கணக்கையே மாற்றியது. கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் நான்கும் சேர்ந்து 10 ஆனால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுக்குப் பந்தை மீட்பதையும் சேர்த்து 12 வேண்டும். முன்பெல்லாம் பெரிய அணி எதிரே வந்தால் சின்ன அணியின் டிஃபெண்டரை யோசிக்காமல் உட்கார வைப்பார்கள். இப்போது பந்து ஓயாமல் அவர் தலைமேல் வந்து விழும் நாளில்தான் அந்த 10 எட்டுகிறது. சென்டர் பேக்குகளுக்கு இது லாபம். ஓரத்தில் முன்னே ஏறி கிராஸ் போடும் ஃபுல் பேக்குகளுக்கு அவ்வளவு இல்லை.

பெஞ்சு வரிசையை ஏனோதானோ என்று விட்டுவிடுவார்கள். 3-4-3 (3 டிஃபெண்டர், 4 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு) வைத்திருக்கிறீர்கள், பெஞ்சில் முதலில் மிட்ஃபீல்டர், அடுத்து இரண்டு டிஃபெண்டர். உங்கள் டிஃபெண்டர் ஒருவர் வரவில்லையென்றால் மிட்ஃபீல்டரைத் தாண்டி டிஃபெண்டர்தான் வருவார், ஏனென்றால் மூன்று டிஃபெண்டர் கட்டாயம். அதனால் மிட்ஃபீல்டரை முதலில் வைப்பதால் டிஃபென்ஸுக்கு ஒன்றும் குறையாது. 4-4-2இல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு டிஃபெண்டர் போனாலும் முதல் பெஞ்சுக்காரர் யாராக இருந்தாலும் வந்துவிடுவார். மாற்று கீப்பர் தனி. கீப்பருக்குக் கீப்பர் மட்டுமே.

பெஞ்சில் எவ்வளவு பணம் போடலாம்? இரண்டாம் கீப்பருக்கு 4.0 மில்லியன் போதும். 4.5க்கு இரண்டு கீப்பர் வாங்கி வாராவாரம் மாற்றி ஆடலாம் என்பது காகிதத்தில் அழகு. நடைமுறையில் பாதி வாரம் பெஞ்சில் இருப்பவர்தான் பெனால்டி தடுப்பார். முதல் மாற்று மட்டும் வாராவாரம் 90 நிமிடம் ஆடும் ஆளாக இருக்கட்டும். கடைசி இருவர் மலிவானவர்களாக இருக்கலாம். மறுபக்கம், 2024-25இல் முகமது சலா 344 புள்ளி எடுத்தார். அப்படிப்பட்டவர்களை எதிரணி பார்த்து உட்கார வைப்பதென்றால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதே தண்டம்.

ஆப்பின் மேல் ஒரு குறை. தானியங்கி மாற்று வாரக் கடைசியில்தான் கணக்கில் ஏறும். அதுவரை ஆடாதவரின் பூஜ்யம் அப்படியே தெரியும். புதிதாக ஆடுபவர்கள் பதறிப்போய் அடுத்த வாரத்துக்கு 4 புள்ளி இழந்து கூடுதல் டிரான்ஸ்ஃபர் (ஆள் மாற்றம்) செய்துவிடுகிறார்கள். வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் இலவசம். செய்யாமல் விட்டால் 5 வரை சேரும்.

பெஞ்சில் இருக்கும் நால்வரின் புள்ளியையும் ஒரு வாரம் சேர்த்துத் தரும் பெஞ்ச் பூஸ்ட் என்ற சலுகை 2025-26இலிருந்து அரை சீசனுக்கு ஒன்று. முதலாவதை 19ஆவது கேம்வீக் (ஆட்ட வாரம்) டெட்லைனுக்குள் செலவழிக்காவிட்டால் போச்சு. டெட்லைனுக்கு முன் மனம் மாறினால் பெஞ்ச் பூஸ்ட்டையும், கேப்டன் புள்ளியை மும்மடங்காக்கும் டிரிப்பிள் கேப்டனையும் ரத்து செய்யலாம். அணியையே மாற்ற உதவும் வைல்டு கார்டையும், ஒரு வாரத்துக்கு மட்டும் அப்படி மாற்றும் ஃப்ரீ ஹிட்டையும் உறுதி செய்த பிறகு முடியாது. ஆகவே முந்தைய நாளே பெஞ்ச் பூஸ்ட்டைப் போட்டு வைத்து, டெட்லைனுக்கு அரை மணி முன்பு காயச் செய்தியை மறுபடி பார்த்து, நால்வரில் ஒருவருக்குச் சிவப்புக் கொடி விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.