கோடீன் கலந்த இருமல் சிரப்: ஐந்து இரவுகள் குடித்த பின் எழுதும் மதிப்புரை

சளி வடிந்த பிறகும் இரண்டு வாரமாக விடாமல் நீடித்த வறட்டு இருமலுக்காக மருத்துவர் எழுதித் தந்த சிரப் இது. ஒவ்வொரு 5 மில்லியிலும் 10 மில்லிகிராம் கோடீனும் ஒவ்வாமையைத் தணிக்கும் மருந்தான குளோர்ஃபெனிரமின் 4 மில்லிகிராமும் சேர்ந்திருந்தன. படுக்கும் முன் 5 மில்லி என்ற கணக்கில் ஐந்து இரவுகள் குடித்தேன்.

முதல் இரவே இருமல் தணிந்தது. விலா நோகாமல் புரண்டு படுக்க முடிந்தது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சளியால் வரும் இருமலில் கோடீனை, மருந்துப்பொருளே இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை என்பதும், இத்தகைய இருமல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும் என்பதும் பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது. எனவே என் இருமலை அடக்கியது கோடீனா, இரண்டு மருந்துகளும் சேர்ந்து தந்த உறக்கமா, கடந்துபோன நாட்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

பக்கவிளைவுகளில் அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை. காலையில் எழுந்தாலும் முற்பகல் வரை தலை கனத்தது, வாய் வறண்டது, ஒருமுறை குமட்டியது. வண்டி ஓட்டுவதை அந்த நாட்களில் அறவே தவிர்த்தேன். மூன்றாம் நாள் தொடங்கிய மலச்சிக்கல், சிரப்பை நிறுத்திய பிறகும் இரண்டு நாட்கள் என்னை வாட்டியது. கோடீன் போன்ற, அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகள் குடல் சுவரிலும் வேலை செய்து அதன் அசைவை மந்தமாக்குகின்றன. தூக்கக் கலக்கம் நாளடைவில் உடலுக்குப் பழகிப்போகலாம், மலச்சிக்கலோ பெரும்பாலும் பழகுவதில்லை. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்கு இந்தக் கலவையால் சிறுநீர் அடைபடவும் கூடும்.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது வேறொன்று. கோடீன், கசகசாச் செடியின் பாலான அபினில் உள்ள பொருள். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதன் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. அந்த நொதியின் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே அளவு மருந்து ஒருவருக்குப் பலனே தராமல் போகலாம். இன்னொருவருக்கு மூச்சை மந்தமாக்கி நிறுத்தும் அளவுக்கு மார்ஃபினைப் பெருக்கலாம். குடிப்பவர் எந்த வகையினர் என்பது மரபணுச் சோதனை செய்யாமல் தெரியாது. குழந்தைகள் இறந்த நிகழ்வுகளுக்குப் பின், ஐரோப்பிய மருந்து முகமை 2015இல், 12 வயதுக்குட்பட்டவர்களின் இருமலுக்கும் சளிக்கும் கோடீனைத் தரக்கூடாது என்றது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல், ஓபியாய்டு கலந்த இருமல் மருந்துகளை 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என வரையறுத்தது. தாய்ப்பாலிலும் மார்ஃபின் கலக்கும் என்பதால் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவு கனமான செய்திக்கு என் புட்டியின் மேலட்டை ஒதுக்கியிருந்த இடம், "தூக்கம் வரலாம்" என்ற ஒரே வரிதான். ஓபியாய்டு என்ற சொல்லும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மையும், மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சு ஒடுங்கும் என்ற எச்சரிக்கையும் உள்ளே மடித்து வைத்த தாளின் பொடி எழுத்துக்குள் கிடந்தன. வீட்டில் இருமும் எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு என்பதை நினைக்கும்போது, இதை ஒரு சிறு குறையாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அளவுக்கோப்பை மட்டும் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி நன்றாகவே இருந்தது. சமையலறைக் கரண்டியை நாட வேண்டியிருக்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன்; இரண்டும் அந்த முதல் இரவுக்காக. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இந்தச் சிரப்பைத் தொடவே வேண்டாம். குடித்தவரை எழுப்ப முடியாவிட்டாலோ, மூச்சு மெதுவாகவும் இடைவெளி விட்டும் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள். 100 மில்லி புட்டியில் முக்கால் பங்கு மிஞ்சியது. அடுத்த சளிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காமல் மருந்தாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.