பீனிக்ஸ் பாலைவன கோல்ஃப்: அக்டோபர் ஈரப் புல்லுக்கு முழுக் கட்டணமா?

கோடைக் கட்டணம் முடியும் நேரம் வந்துவிட்டால் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான். "அக்டோபர் கடைசியில் அரிசோனா வருகிறோம், வெயில் தணிந்திருக்கும், பீனிக்ஸில் ஏதாவது பொது கோல்ஃப் கோர்ஸ் புக் பண்ணலாமா?" வெயில் தணிந்திருக்கும், அது உண்மை. ஆனால் அக்டோபர் தொடங்கி நவம்பர் நடு வரை எந்த கோர்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. பல வருடமாக இந்த ஊர் கோர்ஸ்களில் ஆடுபவனாகச் சொல்கிறேன்: பாம்பும் கள்ளியும் வெயிலும் கூடப் பழகிவிடும். இந்தப் புல் விதைப்புப் பருவத்தில் கட்டணம் வாங்கும் முறை மட்டும் பழகவே இல்லை.

விஷயம் இதுதான். பீனிக்ஸ் கோர்ஸ்களின் அடிப்படைப் புல் பெர்முடா. வெயிலில் செழிக்கும், இரவுக் குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் உறங்கிவிடும், வைக்கோல் நிறமாகிவிடும். குளிர்காலத்தில்தான் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கூட்டம் வருகிறது. அவர்களுக்குப் பச்சை வேண்டும். அதனால் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரைக்குள் பெர்முடாவின் மேல் ரை புல்லை விதைக்கிறார்கள். ஓவர்சீடிங் என்றால் இதுதான். முதலில் பெர்முடாவுக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். பிறகு மண் தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டி, வெட்டிய புல்லை வாரி எடுத்துவிட்டு, ஏக்கருக்குப் பல நூறு பவுண்டு விதையைத் தூவுவார்கள். விதை முளைக்கும் வரை பகலில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சீக்கிரம் விதைத்தால் வெயிலில் முளை கருகும், பெர்முடாவும் போட்டிக்கு வரும். தாமதித்தால் குளிரில் முளைப்பது இழுக்கும். இந்தக் குறுகிய இடைவெளிக்காகத்தான் கோர்ஸை இரண்டு மூன்று வாரம் மூடுகிறார்கள்.

மூடுவதில் எனக்குக் குறை இல்லை. குறை, திறந்த பிறகு வரும் வாரங்களில். புது வேர் மண்ணைப் பிடித்திருக்காது. ஆட்டக்காரர்கள் ஓட்டும் சிறு வண்டியான கார்ட்டின் சக்கரம் ஏறினால் புல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனவே "கார்ட் பாத் ஒன்லி": சிமெண்ட் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. ஜிபிஎஸ் பொருத்திய வண்டிகள் தடைசெய்த இடத்தில் இறங்கினால் தானாகவே நின்றுவிடும், பின்னோக்கி மட்டும்தான் நகரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஃபேர்வேயின் (அடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் குழிக்கும் நடுவே ஒட்ட வெட்டிய புல்வெளி) குறுக்கே நடந்து போய், தவறான கிளப் (அடிக்கும் மட்டை) கையில் இருந்தால் திரும்ப நடந்து வர வேண்டும். நாலரை மணி நேர ரவுண்டு அஞ்சரை வரை இழுக்கும். ஃபேர்வே ஊறிக் கிடப்பதால் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், உருளாது. மேலே சேறு ஒட்டும். குழியைச் சுற்றியுள்ள கிரீன்களில் புல்லை உயரமாக விட்டிருப்பதால் பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் அடியின் வேகமும் குறைவு.

அப்படிப்பட்ட வாரத்தில்தான் கோடை விலை போய், சீசன் விலை ஏறுகிறது. கோர்ஸ் வருடத்திலேயே மோசமான நிலையில் இருக்கும்போது கட்டணம் மேலே போகிறது. கார்ட் கட்டணமும் சேர்த்தே வாங்கப்படுகிறது, கார்ட்டோ பாதையை விட்டு இறங்காது. புக்கிங் தளத்தில் அன்றைய டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) பக்கத்தில் "பாதையில் மட்டும்" என்று ஒரு வரி போட என்ன செலவாகும்? பல இடங்களில் போடுவதே இல்லை. மூன்றாம் நபர் தளங்களில் முன்பணம் கட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. வாசலில் வந்து நின்றபின் தெரிந்து என்ன பயன்.

அவர்கள் பக்க நியாயமும் உண்டு. விதைக்குப் பெரும் பணம் போகிறது, மூடியிருந்த வாரங்களில் வருமானம் இல்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் தினமும் காலை முதல் மாலை வரை ஆட்கள் மிதிப்பதைத் தாங்க வளரும் புல் வேண்டும். உறங்கும் பெர்முடா மிதிபட்டால் ஏப்ரலுக்குள் தேய்ந்து போகும். முதல் அடி அடிக்கும் டீ மேடைகள் முதலில் போய்விடும். டீக்கும் அதிகம் மிதிபடும் இடங்களுக்கும் விதை தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஃபேர்வே முழுக்க, ஓரத்து உயரப் புல்லான ரஃப் முழுக்க எதற்கு? உறங்கும் பெர்முடாவில் பந்து அழகாக உட்காரும், தரை கெட்டி, விழுந்தபின் 20, 30 யார்டு உருளும். ஆட்டத்துக்கு அதுதான் மேல். 2021 ஆகஸ்டில், பீனிக்ஸுக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றுக்கு முதல் தடவையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் மலைச்சரிவு வரை பச்சையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரஃப்பை விதைக்காமல் விடும் கோர்ஸ்கள் இருக்கின்றன, பச்சை நிறமி மட்டும் தெளித்துச் சமாளிக்கும் கோர்ஸ்களும் இருக்கின்றன. தேடிப் பிடித்து அவற்றில் ஆடுங்கள்.

புக் செய்யும் முன் கோர்ஸின் அலுவலகமும் கடையுமான புரோ ஷாப்புக்கு ஃபோன் போட்டு மூன்றே கேள்வி: எந்தத் தேதி விதைத்துத் திறக்கிறீர்கள்? கார்ட் ஃபேர்வேயில் இறங்கும் தேதி எது? கிரீன்களில் அடுத்த ஏரேஷன் எப்போது? ஏரேஷன் என்பது காற்றும் நீரும் இறங்கக் கிரீனில் துளை போடுவது; பெரும்பாலும் கோடையில் நடக்கும், இரண்டு வாரம் பட் குதித்துக் குதித்துப் போகும். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான தேதி வராவிட்டால் அந்த வாரத்தைத் தொடாதீர்கள். 36 குழி உள்ள இடங்களில் ஒரு கோர்ஸை முதலிலும் மற்றதைப் பின்னாலும் விதைப்பார்கள். முதலில் விதைத்ததையே கேளுங்கள், வேர் பிடிக்க அதற்குக் கூடுதல் அவகாசம் கிடைத்திருக்கும்.

அந்த வாரங்களில் வந்துதான் ஆக வேண்டும் என்றால் டீ டைமைக் காலை 10 மணிக்குப் பின் வையுங்கள். இரவில் பாய்ச்சிய தண்ணீர் அதற்குள் கொஞ்சம் காயும். தூரம் அளக்கும் கருவியைக் கையில் வையுங்கள், வண்டி பந்தருகே வராது. ஒரே கிளப்போடு நடக்காமல் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து விழுந்த வேகத்தில் தானே ஏற்படுத்திய குழியில் தரைமட்டத்துக்குக் கீழே புதைந்திருந்தால் பொதுப் பகுதியில் (டீ, கிரீன், மணற்குழி, பெனால்டி பகுதி தவிர்த்த இடம்) இலவச நிவாரணம் உண்டு, விதி 16.3. பந்தைத் துடைத்து வேறு இடத்தில் வைப்பது மட்டும் அந்தக் கோர்ஸ் உள்ளூர் விதி போட்டிருந்தால்தான். நடக்க அனுமதிக்கும் கோர்ஸாக இருந்தால் கார்ட்டையே விட்டுவிட்டுத் தள்ளுவண்டியில் பையை வைத்து நேராகப் பந்தை நோக்கிப் போங்கள். செலவும் நேரமும் மிச்சம்.

நடந்து ஆடுவதற்குப் பாபாகோ. பீனிக்ஸ் நகராட்சியின் கோர்ஸ், 1963இல் திறந்தது. வடிவமைத்தவர் வில்லியம் எஃப். பெல், சான் டியகோவின் டோரி பைன்ஸும் அவர் கைவண்ணம். சிவந்த மணற்பாறைக் குன்றுகள் பக்கத்திலேயே நிற்கும், பாலைவனத் தாவரவியல் தோட்டமும் விலங்குக் காட்சியகமும் அருகில், விமான நிலையத்திலிருந்து சிறு தூரம். முழுக்கப் புல்லாலான பழைய பாணி, அகலமான ஃபேர்வே. முதல் தடவை வருபவர் பந்து தொலைத்துக்கொண்டே இருக்க மாட்டார். நகரவாசிகளுக்குத் தனிச் சலுகைக் கட்டணம் உண்டு, வெளியூர்க்காரருக்கு விலை கூடும். நண்பர் யாராவது உள்ளூரில் இருந்தால் அவரையே புக் செய்யச் சொல்லி, விருந்தினருக்கு என்ன கட்டணம் என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

நிஜப் பாலைவன கோல்ஃப் வேண்டுமென்றால் வேறு. 1980இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின் வந்த கட்டுப்பாடுகளால் புது கோர்ஸ்களுக்குப் புல் பரப்பு 18 குழிக்கு ஏறத்தாழ 90 ஏக்கர் அளவில் நின்றது. டீயிலிருந்து பாலைவனத்தைத் தாண்டிப் புல் தீவில் பந்தை இறக்கும் பாணி அதிலிருந்து வளர்ந்தது. ஃபோர்ட் மெக்டவல் யவாபாய் பழங்குடி மக்களின் வீ-கோ-பாவில் இரண்டு கோர்ஸ்; வீடுகளே கண்ணில் படாது. 2006இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அமைத்த சஹுவாரோ கோர்ஸில் குழிக்குக் குழி நடை தூரம் குறைவு. என் பட்டியலில் அதற்கே முதலிடம். பீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேலின் டிபிசி ஸ்டேடியம் கோர்ஸில் போட்டிக்காகக் கட்டும் பார்வையாளர் மேடைகள் மாதக்கணக்கில் நிற்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் அந்தப் போட்டி, பீனிக்ஸ் ஓப்பன், நடக்கும் வாரத்தில் ஊரெல்லாம் அறை வாடகை ஏறும், அந்தக் கோர்ஸும் உங்களுக்குக் கிடைக்காது.

புல்லை விட்டுப் பந்து விலகினால் பொடிந்த கிரானைட் சரளை. நல்ல வெட்ஜின் (குறுகிய தூரத்துக்கு அடிக்கும் கிளப்) முகம் கீறிப் போகும், பழைய கிளப் ஒன்று பையில் இருக்கட்டும். தேடுவதற்கு 3 நிமிடம்தான், 2019 முதல். சந்தேகம் இருந்தால் டீயிலேயே தற்காலிகப் பந்து அடித்துவிடுங்கள். பாலைவனத்தைச் சிவப்புப் பெனால்டி பகுதியாகக் குறித்திருக்கிறார்களா என்பதை ஸ்கோர்கார்டின் பின்புறம் பாருங்கள். குறித்திருந்தால் ஒரு தண்டனை ஷாட்டோடு, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் வைக்கலாம். குறிக்காவிட்டால் அதுவும் பொதுப் பகுதிதான்: கிடந்தபடி அடிக்க வேண்டும், அல்லது ஆட முடியாத பந்து என்று அறிவிக்க வேண்டும். கூழாங்கல்லை அகற்றலாம், பந்து மட்டும் நகரக் கூடாது. பாம்பு பக்கத்தில் இருந்தால் இலவச நிவாரணம். கள்ளி குத்துகிறதென்றால் கிடையாது.

Cholla என்று எழுதி "சோய்யா" என்று படிக்கும் கள்ளியின் துண்டு தொட்டாலே ஒட்டும். கையால் பிடுங்காதீர்கள். பெரிய பல் சீப்பை அடியில் கொடுத்து நெம்பித் தள்ளி, மிஞ்சிய முள்ளை இடுக்கியால் எடுங்கள். இரண்டும் பையில் நிரந்தரமாக இருக்க வேண்டும். புதருக்குள் கை விடாதீர்கள், மார்ச் முதல் அக்டோபர் வரை விரியன் நடமாட்டம். ஒரு பந்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

கோடை விலை மலிவுதான். ஆனால் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர் இது. ஜூனில் சூரியன் 5:20க்கே உதிக்கும். ஆறு மணிக்குள் முதல் டீயில் நிற்க வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூடவே உப்புக் கரைசல். டிசம்பரில் நேர்மாறு: சூரியன் 5:20க்கு மறையும், மதியம் ஒன்றரைக்கு "ட்வைலைட்" சலுகை வாங்கினால் 18 குழி முடியாது. காலையில் உறைபனி படிந்தால் அது உருகும் வரை யாரையும் இறக்க மாட்டார்கள், ஏனென்றால் உறைந்த புல்லை மிதித்தால் செத்துவிடும். வடக்கு ஸ்காட்ஸ்டேல் உயரம் கூடிய இடம், அங்கே இந்தத் தாமதம் இன்னும் சகஜம்.

மதிப்பெண் கேட்கிறார்கள். இடம், குன்று, வெளிச்சம், குளிர்கால வானம், பந்து ஓடும் கெட்டித் தரை எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனாலும் இப்போதைக்குப் பீனிக்ஸுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றுதான். ஈரப் புல்லில் பாதையோடு நிற்கும் வண்டிக்கும் முழுப் பணம் வாங்கும் வரை அதை உயர்த்த மனம் வராது. டிசம்பர் முதல் வாரம் வாருங்கள்: கார்ட் இறங்கியிருக்கும், ஈரம் வற்றியிருக்கும், ஜனவரிக் கூட்டமும் விலையும் இன்னும் வந்திருக்காது.