அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய கார்: டிராக் ரேஸுக்கு மாற்றிய 1969 கமாரோ எஸ்எஸ்

இந்த செவ்ரோலே வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். நான் அவர்களைக் கீழே படுத்துப் பார்க்கச் சொல்வேன். முந்தைய உரிமையாளர் காசையும் மூளையையும் செலவழித்திருப்பது அங்கேதான்.

எஞ்சினிலும் குறை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த 396 கன அங்குல வி8 போய், இப்போது 454 உட்கார்ந்திருக்கிறது. அசல் எஞ்சின் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இந்தக் கார் சரிப்படாது. எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை.

டிராக் ரேஸ் என்பது நேர்ப்பாதையில் நின்ற நிலையிலிருந்து கிளம்பி ஓடும் பந்தயம்; இங்கே தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் 60 அடியிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் பழைய கமாரோ திணறும். முன்பக்கச் சட்டம் (சப்ஃபிரேம்) தனியாக போல்ட் போட்டு மாட்டியது. பின்பாதிக்குத் தனிச் சட்டம் கிடையாது. பெரிய எஞ்சின் முறுக்கினால் உடம்பே முறுகும். பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் வளைந்து, டயர் தரையைப் பிடிக்காமல் குதிக்கும். இதில் இரண்டு பாதிகளையும் இணைத்து சப்ஃபிரேம் கனெக்டர் வெல்டு செய்திருக்கிறார்கள். பின் ஆக்ஸிலின் கூடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க டிராக்‌ஷன் பார் உண்டு. முன் ஷாக் அப்சார்பர் சட்டென்று நீண்டு மெதுவாகச் சுருங்கும் வகை, அதனால் எடை பின்னால் போய் அங்கேயே தங்குகிறது. பேட்டரிகூட டிக்கியில், வலது சக்கரத்துக்கு மேல்.

கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே உள்ள ஃபமோசோ களத்தில்தான் ஓட்டுகிறேன். லைன்லாக் முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரைப் புகைய விட்டுச் சூடாக்கி, கோட்டுக்கு வந்து, கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியை நிறுத்திவைக்கும் டிரான்ஸ்பிரேக் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள் விளக்கில் பொத்தானை விட்டதும் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன. ஆனாலும் ஸ்டீயரிங் நேராகவே இருக்கிறது, திருத்த வேண்டிய தேவையே வருவதில்லை. அப்பா, என்ன ஒரு பிடி! 60 அடி 1.48 நொடி, கால் மைல் 10.8 நொடி, கடைசியில் மணிக்கு 124 மைல். அடுத்த ஓட்டத்திலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான் நேரச் சீட்டில் வரும். பிராக்கெட் ரேஸில் நம் நேரத்தை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும், அதைவிட வேகமாகப் போனாலும் தோல்விதான். அங்கே இப்படி மாறாமல் ஓடுவது குதிரைத் திறனைவிடப் பெரியது. இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு கியர்பாக்ஸுக்கும் இதில் பங்கு உண்டு.

11.49 நொடிக்குள் ஓடுகிற வண்டி என்பதால் அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் பார் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. பின் இருக்கை கிடையாது.

சாலைக்கு இதை எடுக்காதீர்கள். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 4.10, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியரும் இல்லை. மணிக்கு 65 மைலிலேயே எஞ்சின் 3,200 சுற்றைத் தாண்டிக் கத்துகிறது. எஞ்சினின் அழுத்த விகிதம் (கம்ப்ரெஷன்) 12:1 என்பதால் கலிஃபோர்னியா பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோல் போதாது. பந்தய எரிபொருளை கேனில் வாங்கி வைக்க வேண்டும்.

பெயின்ட் சுமார்தான், கதவோரத்தில் துருகூட உண்டு. எனக்கு உறுத்துவது பிரேக் மட்டும். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாததால் கோட்டைத் தாண்டியபின் காலால் பலமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு யோசித்துக் கட்டியவர் முன்பக்கத்துக்கு இன்னும் பெரிய டிஸ்க் போட்டிருக்கலாம். அடுத்த சீசனுக்குள் அதை நான் மாற்றிவிடுவேன்.