நாய் வரும் மூன்று ‘அவர் கேங்’ குறும்படங்கள்: எதை முதலில் போடுவது?

தெருப் பசங்க நாலஞ்சு பேர், கண்ணைச் சுற்றி வட்டம் போட்ட ஒரு நாய். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922இல் தொடங்கிய ‘அவர் கேங்’ (Our Gang, ‘நம்ம கூட்டம்’) நகைச்சுவைப் பட வரிசையைத் தெரியாதவர்களும் இந்த நாயின் முகத்தை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். 1944 வரை 220 குறும்படங்கள் வந்தன. அத்தனையையும் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. நாய்க்காகவே பார்க்கிறவர்கள் கடைசியில் மூன்று படங்களில் வந்து நிற்பார்கள்: ‘டாக் ஹெவன்’ (1927), ‘பப்ஸ் இஸ் பப்ஸ்’ (1930), ‘தி பூச்’ (1932). மூன்றும் இரண்டு ரீல் படங்கள், சுமார் இருபது நிமிடம். ஆனால் ஒன்று கொடுப்பதை மற்றது கொடுக்காது.

சிரிப்புதான் முக்கியம் என்றால் ‘பப்ஸ் இஸ் பப்ஸ்’. இயக்கம் ராபர்ட் மெக்கோவன். வீசர் என்ற பொடியன் தன் நாய்க்குட்டிகளை மணியோசைக்கு ஓடிவரப் பழக்கியிருக்கிறான். அங்கேதான் வினை. தெருவில் எவன் மணி அடித்தாலும் குட்டிகள் அவன் பின்னால் போய்விடுகின்றன. ஒரே ஒரு விதியை வைத்துவிட்டு, அது எப்படியெல்லாம் காலை வாரும் என்று காட்டிக்கொண்டே போகிறார்கள். இன்னொரு பக்கம் ஃபரினாவுக்குப் பணக்கார ஹோட்டலில் எடுபிடி வேலை கிடைக்கிறது. அங்கே செல்லப்பிராணிக் கண்காட்சி. கூட்டாளிகள் வீட்டிலிருக்கும் ஜீவராசிகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவே டாரதி என்ற குட்டிப் பெண். குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு வெளியே விட்டால் நேரே சேற்றுக் குட்டையில் குதிக்கிறாள். மறுபடி சுத்தம் செய்கிறார்கள், மறுபடி குதிக்கிறாள். இதில் வசனத்துக்கு வேலையே இல்லை. மூன்றாவது தடவை அவள் வாசலில் வந்து நிற்கும்போதே பார்க்கிற குழந்தைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். 2004இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள். தகுதியான தேர்வுதான். ஒரு குறை: பீட் என்ற அந்தப் பெரிய நாயைத் தேடி வந்தவருக்கு இதில் தீனி கம்மி, ஆட்டமெல்லாம் குட்டிகளுடையது.

பீட்டுக்காகத்தான் வந்தேன் என்பவருக்கு ‘தி பூச்’. இதுவும் மெக்கோவன் படம்தான். பலகாரத்தைத் திருடித் தின்ற ஸ்டைமியைப் பசங்க கூட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கிறார்கள். நாய்வண்டிக்காரன் பிடித்துப்போன நாய்களை விடுவித்து ஸ்டைமி மறுபடி கூட்டத்துக்குள் வருகிறான். அப்புறம் பீட்டே மாட்டிக்கொள்கிறது. மீட்க 5 டாலர் வேண்டும். 1932 என்பது அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டம். அந்த வருஷத்தில் ஏழு வயதுப் பையனிடம் 5 டாலர் கேட்பது மலையைப் பெயர்த்து வா என்பதுபோல. அதனால்தான் கதை பிடித்து இழுக்கிறது: சிரிப்புக்கு அடியில் ஒரு கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று வயது ஸ்பாங்கி அப்போதுதான் வரிசைக்குள் வந்திருந்தான். அவனைக் கவனித்தால் நடிக்கிற மாதிரியே இருக்காது. கருப்பினப் பையன் ஸ்டைமி கதையின் நாயகனாக நிற்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய ஹாலிவுட்டில் அது அபூர்வம்.

சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பீட்டை விஷவாயு அறைக்குக் கொண்டுபோகும் காட்சி உண்டு. நாய் பிழைத்துவிடும், ஆனால் அதற்கு முந்தைய நிமிடங்கள் நீளமானவை. ஆறு வயதுக்குக் கீழே என்றால் “ஒண்ணும் ஆகாது” என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

‘டாக் ஹெவன்’ இன்னும் இருண்ட கதை. தொடக்கத்திலேயே பீட் தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறது! ஏன் என்று இன்னொரு நாயிடம் சொல்வதாகக் கதை பின்னோக்கிப் போகிறது. எஜமானன் ஜோ ஒரு சிறுமியின் பின்னால் சுற்ற ஆரம்பித்து நாயை மறந்துவிட்டான், அவ்வளவுதான் துக்கம். நாயின் நடிப்பு என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால் முதலிடம் இதற்கே. ஊமைப்படம் என்பதால் முகமும் உடம்பும்தான் எல்லாம். ஆனால் குழந்தைகளுக்கு முதல் படமாக இதைப் போட வேண்டாம்.

மூன்றிலும் ஒரே நாய் என்று நினைத்துவிடக் கூடாது. 1927இல் நடித்தது பால் (Pal) என்ற நாய். அதன் வலது கண்ணைச் சுற்றி வட்டம் பிறவியிலேயே முக்கால்வாசி இருந்தது, மிச்சத்தைச் சாயத்தால் முடித்தார்கள். பால் 1930இல் இறந்தது. 1932இல் வருவது அதன் வாரிசு, வட்டம் இடது கண்ணில். இரண்டையும் பழக்கியவர் ஹாரி லூசனே. வட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே படத்தின் காலத்தை ஊகிக்கலாம். அதற்கு முன் படப் பிரதி இடவலம் மாறவில்லை என்பதைக் காட்சியில் தெரியும் எழுத்துப் பலகைகளை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பிரதி. இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பேசும்படங்கள் தொலைக்காட்சிக்குப் போனபோது ‘தி லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்று பெயர் மாறின. ‘அவர் கேங்’ என்ற பெயரின் உரிமை எம்ஜிஎம் படநிறுவனத்தின் கையில் இருந்ததுதான் காரணம். ஆகவே படத்தின் தொடக்கத் தலைப்பில் ‘தி லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்று வந்தால் அது மறுவெளியீட்டுப் பிரதி. 1970களில் இனக் கேலி உள்ள இடங்களைத் தொலைக்காட்சிக்காக வெட்டினார்கள். வெட்டிய பிரதியில் கதை திடீரெனத் தாவும், பின்னணி இசை பாதியில் அறுபடும். 1994இல் கேபின் ஃபீவர் நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் நாடாக்களில் வெட்டில்லை. 80 பேசும்படங்கள் அடங்கிய 2008 டிவிடி தொகுப்பில் தரம் ஒரே சீராக இல்லை. 2021 முதல் வந்த கிளாசிக்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் புளூரேக்கள்தான் இப்போதைக்கு மேல். ஸ்டைமியின் தொப்பி நிழலில் கண் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பிரதிகளில் அந்த இடம் வெறும் கறுப்பாகக் கிடக்கும். டிவிடி வாங்குவதானால் ரீஜியன் எண்ணைப் பாருங்கள், வட்டின் எண்ணும் பிளேயரின் எண்ணும் பொருந்தாவிட்டால் ஓடாது. அமெரிக்க வட்டு 1, இந்தியப் பிளேயர் 5.

‘டாக் ஹெவன்’ ஊமைப்படம், அதனால் இதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கலாம். 1927 படம் என்பதால் 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. இணையப் பிரதிகளில் சிக்கல் வேகம்தான். முழு இரண்டு ரீல், அதாவது 2000 அடி, விநாடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) 22 நிமிடம் ஓடும், 20 சட்டத்தில் சுமார் 26½ நிமிடம். நாயின் வாலாட்டல் இயந்திரம்போல் வெடவெடத்தால் வேகம் கூடிப்போயிருக்கிறது. பிளேயரில் 0.85க்குக் குறைத்துப் பாருங்கள். பேசும்படங்களில் இந்த வித்தை கூடாது, குரல் கெடும். அங்கே வரும் கோளாறு வேறு: 24 சட்டத்தை 25ஆக ஓட்டும் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைப் பிரதிகளில் 20 நிமிடப் படம் 19 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும், ஏற்கெனவே கீச்சென்ற பிள்ளைக் குரல் இன்னும் ஏறிவிடும்.

டிவியில் படச்சட்டத்தை 4:3க்கு வையுங்கள். இழுத்து 16:9 ஆக்கினால் பீட்டின் வட்டம் முட்டையாகிவிடும்.

போடும் வரிசை: முதலில் ‘பப்ஸ் இஸ் பப்ஸ்’, பிறகு ‘தி பூச்’. ‘டாக் ஹெவன்’ பெரியவர்களுக்கு, அதுவும் எழுத்து அட்டைகளை வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால்.