புது மருந்துச் சோதனையா, கையில் இருக்கும் சிகிச்சையா?

நாகர்கோவில் பக்கம் புற்றுநோய் என்றால் நெய்யூர், ஆசாரிப்பள்ளம், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்), அதுவும் போதாது என்றால் ராத்திரி ரயிலில் சென்னை. நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியபிறகு, "புது மாத்திரை ஒன்று முதல் கட்டச் சோதனையில் இருக்கிறது, சேர்கிறீர்களா?" என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பழைய சிகிச்சையைத் தொடர்வதா, இதில் சேர்வதா?

முதல் கட்டச் சோதனையின் வேலை நோயைக் குணமாக்குவது அல்ல, உடம்பு எவ்வளவு டோஸ் தாங்கும் என்று கண்டுபிடிப்பது. பழைய முறையில் மூன்று பேருக்குக் குறைந்த டோஸ் கொடுப்பார்கள். கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கூட்டுவார்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே டோஸில் இன்னும் மூன்று பேர். முதலில் சேர்ந்தவருக்குக் கிடைத்த டோஸ் நோயைத் தொடாமலே போகலாம். நீங்கள் எத்தனையாவது டோஸில் சேர்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஆனால் குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து என்றால் கணக்கு மாறும். 1998இல் தொடங்கிய இமாட்டினிப் மருந்தின் முதல் கட்டச் சோதனையில், சி.எம்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீராகின. எல்லா நோய்க்கும் இப்படி நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சோட்டோராசிப் மருந்தின் முதல் கட்டத்தில், ஒரே மரபணு மாற்றம் இருந்தும் நுரையீரல் புற்றுநோயில் கட்டி கணிசமாகச் சுருங்கியது சுமார் 32 சதவீதம் பேருக்கு. பெருங்குடல் புற்றுநோயில் 7 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே "நல்ல மருந்தா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. "இந்த நோயில், இந்த மாற்றத்துக்கு இதுவரை என்ன தெரியும்?" என்று கேளுங்கள்.

மறுபக்கத்தில் அங்கீகாரம் பெற்ற மருந்துகள். நுரையீரல் புற்றுநோய் என்றால், பயாப்சியில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களுக்கான சோதனை செய்தாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம். இந்திய கம்பெனிகளே தயாரிப்பதால் விலையும் எட்டாத விலை இல்லை. இதைப் பார்க்காமல் நேரே சோதனைக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செலவைப் பொறுத்தவரை, சோதனை மருந்துக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகளில் இருக்கின்றன. ஆனால் உடன் வரும் மகன் ரப்பர் பால் வெட்டப் போகாத நாட்களின் கூலியை யார் தருவார்கள்? மாத்திரை விழுங்கிய அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை குறித்த நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். எலும்பில் வலி உள்ளவரை மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் உட்காரவைத்துக் கொண்டுபோய்த் திரும்பும் பாட்டை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்துச் செலவும் தங்கும் இடமும் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். அப்புறம், நம்மில் பலர் மலையாளம் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குவது உரிமை.

வலி தணிக்கும் சிகிச்சையை மட்டும் இந்த இரண்டுக்கும் எதிரில் வைக்கக் கூடாது. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பதற்கான ஏற்பாடு என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். இதை எந்த வழியோடும் சேர்த்தே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

என் கணிப்பில், அங்கீகாரம் பெற்ற மருந்துகள் பலனளிக்காமல் போய், மரபணு மாற்றமும் பொருந்தி, நோயாளி எழுந்து நடமாடும் நிலையில் இருந்தால் சோதனையில் சேரலாம். படுக்கையிலேயே இருப்பவரைச் சேர்க்க நான் சொல்லமாட்டேன். சேர்ந்தபின் மனம் மாறினால் எந்த நாளும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.